பதிலுக்கு ஒன்பது நொடி

கூலாய், ஜோகூர்
2 ஆகஸ்ட் 1934

அன்புள்ள தனம்,

நீ பெங்களூரில் மனோதத்துவ ஆய்வுக்கூடம் நடத்துகிறாய் என்று கேள்விப்பட்டு ஒரு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாமல், தேவை வந்ததும் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

என் மகள் ராணிக்கு எட்டு வயது. அதிகம் பேசமாட்டாள். சென்ற வாரம் ஜோகூர் பாருவில் ஒரு பெண்கள் பள்ளிக்கு அழைத்துப் போனேன். தலைமையாசிரியை ஏதேதோ கேட்டார். இவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளைக்குப் புத்தி மந்தம் போலிருக்கிறது, இல்லையென்று தகுதியுள்ளவர் எவராவது எழுதிக் கொடுத்தால் ஜனவரியில் சேர்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கள் ரப்பர் தோட்டத்துப் பள்ளி நான்காம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதன் பிறகு பெண்ணுக்கு அடுப்படிதான்.

நாம் படித்த காலத்தில் மனம் என்பது தத்துவத் தாளில் கால் பங்கு. பேராசிரியர் கண்ணை மூடச் சொல்லி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கச் சொல்வார். நீ ஒருமுறை தூங்கிப்போனாய். அந்தப் படிப்பு எனக்கு இப்போது உதவவில்லை. உன் புதிய படிப்பு உதவுமா?

வள்ளி


பெங்களூர்
21 ஆகஸ்ட் 1934

அன்பு வள்ளி,

தூங்கியது நீ.

கண்ணை மூடினால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று தெரிந்தது. யார் சொல்வது சரி என்று தீர்க்க வழியில்லை. தத்துவம் அங்கேயே நின்றது. வழி காட்டியவர்கள் வானியலார். ஒரே நட்சத்திரம் தூரதரிசினிக்குள் கட்டிய மெல்லிய கம்பியைக் கடக்கும் நேரத்தை இருவர் குறித்தால் சிறு வித்தியாசம் வந்தது. கண் பார்ப்பதற்கும் கை குறிப்பதற்கும் நடுவே மனத்துக்கு நேரம் பிடிக்கிறது, அது ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று தெரிந்தது. நேரம் பிடிப்பதை அளக்கலாம் அல்லவா? ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் மனத்துக்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் வந்தது. எங்களுடையது இரண்டு அறை, நான்கு கருவி.

இத்துடன் இருபது சொற்கள். ஒவ்வொன்றாகச் சொல். முதலில் தோன்றும் சொல்லை அவள் சொல்லட்டும். நொடிமுள் உள்ள கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எத்தனை நொடி என்று குறித்து அனுப்பு. அந்த வயதுக்கு இரண்டு, மூன்று நொடி போதும். உதவி செய்யாதே, சிரிக்காதே.

தனலெட்சுமி


கூலாய்
12 செப்டம்பர் 1934

தனம்,

என் கணவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர், டாக்டருக்கு உதவியாளர். நாடி பார்க்க அவர் வைத்திருக்கும் கடிகாரத்தை வாங்கி அளந்தேன். தாள் இதனுடன் இருக்கிறது. தண்ணீருக்கு ஏழு. இருட்டுக்கு ஒன்பது. அம்மாவுக்கும் ஒன்பது. எதுவும் ஆறுக்குக் குறையவில்லை. மூன்று நாள் விட்டு மறுபடி செய்தேன். அதேதான்.

பதில்களில் கோளாறு இல்லை. தண்ணீருக்குக் கிணறு என்றாள், இருட்டுக்கு விளக்கு என்றாள். தாமதம் மட்டும்தான். அதற்கு அர்த்தம் என்ன? பார்த்ததும் எழுது. சிரிக்காதே என்றிருந்தாய். சிரிப்பு வரவில்லை.

வள்ளி


பெங்களூர்
1 அக்டோபர் 1934

அன்பு வள்ளி,

எழுதாமலிருக்க வழியிருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். சராசரி எட்டு நொடி. இங்கே நூற்றுப்பத்துக் குழந்தைகளை அளந்திருக்கிறோம். ஒருவரும் இதன் அருகில் இல்லை. இரண்டு முறையும் ஒன்றுபோல வந்திருப்பதால் தற்செயல் என்றும் சொல்ல முடியவில்லை. பள்ளிக்குச் சான்று எழுத என்னால் ஆகாது. அங்கே அனுப்பி அவளை வதைக்காதே. வீட்டிலேயே மெதுவாகப் பழக்கு.

நீ இதை மறைத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் உன் கணவர் சபாபதிக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

தனலெட்சுமி


கூலாய்
22 அக்டோபர் 1934

தனம்,

இரண்டு கடிதங்களும் ஒரே தபாலில் வந்தன. என் கணவர் தம்முடையதை இரண்டு முறை படித்தார். நான் வாதாடினேன். "காய்ச்சல நான் கையால தொட்டுப் பாத்தா சொல்றேன்? தெர்மாமீட்டர வெச்சுப் பாத்துத்தானே சொல்றேன். இதுவும் அப்படித்தான் வள்ளி" என்றார். அன்றிலிருந்து ராணியிடம், காது கேளாதவரிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார். அவள் பயந்து, பேசுகிற கொஞ்சத்தையும் குறைத்துக்கொண்டாள்.

நேற்று மூன்றாம் தடவை அளக்க உட்கார்ந்தேன். வீட்டு வேலைக்கு வரும் வெள்ளையம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "ஏன்மா, கடியாரத்த கையில வெச்சுக்கிட்டுப் பேசு பேசுன்னா புள்ள எப்பிடிப் பேசும்? டிரெசரய்யா கையில அது இருந்தா நானே மூச்சு விடமாட்டேன்" என்றாள்.

ராணியைக் கேட்டேன். "அப்பா சொல்லியிருக்காங்கல்லம்மா. நாடி எண்ணுறப்ப பேசினா எண்ணிக்கை தப்பிரும், சீக்காளிக்கு மருந்து மாறிரும்னு. நீங்க கைய கீழ விட்டதும் சொல்லிட்டேன்ல?"

தனம், நான் காத்திருந்து சலித்துக் கையைத் தாழ்த்தும்போதெல்லாம் பதில் வந்திருக்கிறது. ஏழும் ஒன்பதும் அவளுடையவை அல்ல. நான் எவ்வளவு நேரம் பொறுத்தேன் என்பதைத்தான் நீ கூட்டிச் சராசரி பார்த்திருக்கிறாய்.

என் கணவரிடம் சொன்னேன். தாய் மனசு அப்படித்தான் சொல்லும் என்கிறார். உன் வார்த்தையைத்தான் நம்புவார். அவருக்கும் பள்ளிக்கும் நீ எழுத வேண்டும். டிசம்பருக்குள் வராவிட்டால் இடம் போய்விடும்.

வள்ளி


பெங்களூர்
11 நவம்பர் 1934

அன்பு வள்ளி,

இரண்டு கடிதங்களும் இன்று போகின்றன. அளந்த முறை தவறு, அதைக்கொண்டு நான் சொன்ன முடிவும் தவறு என்று உன் கணவருக்கு எழுதியிருக்கிறேன். பள்ளிக்கு, குறை இருப்பதாகக் காட்ட எந்த ஆதாரமும் இல்லை என்று எழுதினேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமையில்லை.

யார் கடிகாரம், அதைப் பிள்ளை எங்கே பார்த்திருக்கிறாள் என்று ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை. என் மாணவி இப்படிச் செய்திருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கடிகாரத்தை மறைவாக வைத்து இன்னொரு முறை அளந்து அனுப்பு. தவறான எண்ணை அடித்து நீக்கிவிட்டோம். சரியான எண் இல்லாமல் அவளைப் பற்றி நமக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை.

தனம்


கூலாய்
30 ஜனவரி 1935

தனம்,

கடிதங்கள் சரியான சமயத்தில் கிடைத்தன. என் கணவர் தம்முடையதைப் படித்தார். பள்ளிக்குப் போகும் நாளன்று வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு எங்களோடு ரயிலேறினார். ஒரு தவணைக்குச் சோதனையாக எடுத்திருக்கிறார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மகளோடு தினமும் ரயிலில் போய் வருகிறாள். இரண்டாம் வாரமே, பக்கத்துப் பெஞ்சுச் சீனப் பெண்ணோடு பேசியதற்காக நிற்க வைத்தார்களாம். அதைக் கேட்டு அவர் வெகுநேரம் சிரித்தார்.

நீ கேட்ட அளவை அனுப்பப் போவதில்லை. கடிகாரத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். ஆனால் அது இல்லாமலே எனக்கு நொடிகளை எண்ண வருகிறது. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு நின்றால் ஒன்று, இரண்டு என்று உள்ளே ஓடுகிறது. நேற்று நான்கில் பதில் சொன்னாள். வாயில் முறுக்கு இருந்தது தெரிந்தும் பயந்தேன். என் கணவர் பேசும்போதும் எண்ணுகிறேன். வெள்ளையம்மா எல்லாரையும்விடத் தாமதம்.

உன்மீது கோபமில்லை. கேட்டவள் நான், அளந்தவளும் நான். ஆனால் உறையில் உன் கையெழுத்தைப் பார்த்தாலே எண்ணத் தொடங்கிவிடுகிறேன். அதனால் எனக்கு எழுதாதே. இது நின்றால் நானே எழுதுகிறேன்.

வள்ளி