கரண்ட் இருக்கும்வரை

கிள்ளான்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் மலர்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். பெர்த்தில் குளிர் ஆரம்பித்துவிட்டதா? வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அம்மா பார்த்துவிடுவாள், அதனால்தான் தபால். படித்ததும் கிழித்துப் போடு.

உன் கல்யாணத்துக்கென்று உன் தம்பி குரு தன் பழைய அமிகா கணினியில் தானே ஒரு பாட்டு இசையமைத்து வைத்திருந்தான் அல்லவா, அதைப் பற்றித்தான். அவன் கருமாதி முடிந்து நீ திரும்பிய பிறகு, அவன் சிநேகிதன் ரஃபீக்கைக் கூப்பிட்டேன். ஃபிளாப்பி எல்லாம் பூசணம். பாட்டு இருந்த ஃபிளாப்பி ஒரே தடவை ஓடியது, அதோடு கீறி வீணாகிவிட்டது. அதற்குள் ரஃபீக் எல்லாவற்றையும் மெமரிக்குள் ஏற்றி, அதையே ஒரு டிஸ்க் மாதிரி ஆக்கி, கணினி அதிலிருந்தே கிளம்பும்படி செய்துவிட்டான். கெட்டிக்காரன். ரீசெட் அழுத்தினாலும் ஒண்ணும் ஆகாது அங்கிள், கரண்ட் மட்டும் போகக்கூடாது, ஞாயித்துக்கிழமை கேபிள் கொண்டுவந்து வெளியே எடுத்துத் தரேன் என்றான்.

ரீசெட் அழுத்தும்போதெல்லாம் பாட்டு ஓடியது. நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். போனில் பதிவு செய்திருக்கலாமே என்று கேட்பாய். தோன்றவில்லை.

அணைக்காதே என்று அம்மாவிடம் சொல்லித்தான் இருந்தேன். நேற்று நான் காய்கறி வாங்க பாசாருக்குப் போயிருந்த நேரம் பெரிய இடி. இடி இடித்தால் நம் வீட்டில் ஒரு பிளக் மிஞ்சாது, உனக்கே தெரியும். அணைப்பது வேறு, இடிக்குப் பிடுங்குவது வேறு என்பது அவள் கணக்கு. டிவிக்கும் முன்னால் குருவின் பிளக்கைத்தான் பிடுங்கியிருக்கிறாள். நான் உள்ளே வந்ததும், நல்ல வேளை ஓடிப்போய்ப் புடுங்கிட்டேன் லா, இல்லாட்டி புள்ள சாமான் கருகிப் போயிருக்கும் என்றாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவள் முகம் தெளிவாக இருந்தது. சரி என்றேன்.

அவள் குளிக்கப் போனதும் போட்டுப் பார்த்தேன். ஃபிளாப்பியைப் போடு என்று கேட்கிற கைப் படம் மட்டும் வந்தது, பாட்டு போய்விட்டது. ரஃபீக்கை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன். இன்று காலை வாசல் கால்வாயைக் கழுவிவிட்டேன்.

மலருக்குப் பாட்டை அனுப்பியாச்சா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அனுப்பிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். கல்யாண மண்டபத்தில் போட வேண்டும் என்பாள், அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பத்துமலை முருகன் உன்னைக் காப்பாற்றட்டும். போன் செய்யும்போது பாட்டு வந்தது என்று அம்மாவிடம் சொல், மா. நன்றாக இருந்தது என்றும் சொல். அது பொய்யில்லை, நான் கேட்டேன்.

அப்பா
நாகையா