லோகநாயகியைக் கேட்டிருக்கலாம்

சிதம்பரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் இளமதிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், டெல்லிக் குளிரில் நீயும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, எனக்குக் கடலூர் கோர்ட்டுக்குப் பஸ்ஸில் போய்வந்தாலே இடுப்பு விட்டுப்போகிறது. என்னைப் போல நீயும் விபத்து வழக்குகளே நடத்தலாமா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் நடுவில் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

கிள்ளை ஊரிலிருந்து லோகநாயகி என்று எனக்கு ஒரு கட்சிக்காரி, கூடையில் மீன் விற்றவள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் வந்த ஷேர் ஆட்டோவில் லாரி மோதி வலது தோள் நொறுங்கிவிட்டது. மூன்று மாதத்துக்கு முன் அவளைக் கூண்டில் ஏற்றினேன். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் ஞானசேகரன் தன்மையாகத்தான் கேட்டார், கையை எவ்வளவு தூரம் தூக்க முடியுது, காட்டுங்கம்மா என்று. இவள் பல்லைக் கடித்துக்கொண்டு காதுக்கு மேலே தூக்கிவிட்டாள். கை சரியாகத்தான் இருக்கிறது என்று நஷ்டஈட்டைக் குறைத்துவிடுவார்கள். பிற்பாடு கேட்டதற்கு, "முடியாதுன்னு அத்தினி பேரு முன்னாடி எப்பிடி வக்கீலம்மா சொல்றது" என்றாள். விபத்துக்கு அப்புறம் அவளுக்குத் தலை முடிந்துவிடுவது அவள் மகள்தான் என்று எனக்குத் தெரியும். எழுந்து, நீதிபதியிடம் அனுமதி வாங்கி, கொண்டையை அவிழ்த்துத் திரும்ப முடிந்து காட்டு என்றேன். இடது கையால் அவிழ்த்தாள். ஒரு தரம் வீம்புக்குத் தூக்கின கை பின்னந்தலைக்கு வளைந்துபோகவில்லை. மூன்று தரம் முயன்று பார்த்தாள். முடி முகத்தில் விழ, அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவே அழுதுகொண்டு நின்றாள். நீதிபதியே போதும்மா என்று சொல்லிவிட்டார்.

தீர்ப்பு போன வாரம் வந்தது, நாங்கள் கேட்ட நஷ்டஈடு ஏறக்குறைய முழுசாகக் கிடைத்தது. லோகநாயகி ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டாள், காபி வேண்டாம் என்றாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி, "அவுக்கச் சொல்றதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுல்ல" என்றாள். கோர்ட்டில் அதற்கெல்லாம் நேரம் ஏது என்றேன். அது பொய், மதி. கேட்டால் மாட்டேன் என்பாள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் இப்படி எத்தனை பேரை நடந்து காட்டு, குனிந்து காட்டு என்றிருப்பேன். அவர்கள் மூடி வைத்திருப்பதை நாம்தான் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது, காட்டாவிட்டால் ஒன்றும் கிடைக்காது. அசதியாக இருக்கிறது கண்ணு. உன்னை வா என்று சொல்லவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை.

நேற்று மங்கலம்பேட்டையிலிருந்து ராமாமிர்தம் என்று ஒருவர் வந்தார், டிராக்டர் கவிழ்ந்து அடிபட்டவர். கோர்ட்டில் எதைக் காட்ட உங்களுக்குச் சம்மதம், எது வேண்டாம் என்று முதலில் அதைத்தான் கேட்டேன். சட்டையை மட்டும் கழட்ட மாட்டேன் என்றார். வழக்குக் கட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதி வைத்திருக்கிறேன். ஜெயிப்பேனா தெரியாது.

வேளைக்குச் சாப்பிடு. கண் டாக்டரைப் பார்க்க மறந்துவிடாதே. நீ எதை எடுத்தாலும் எங்கள் ஆசி உனக்கு உண்டு.

உன் அம்மா
சௌந்தரம்