கதவுக்கு விட்ட இடம்

1991 ஆகஸ்ட், வெள்ளி. சுங்குவார்சத்திரம்.

எப்படியோ மாமியாரிடம் தப்பித்தோம். "வூட்ட எப்படி வேணா மாத்திக்கோங்க, வாசக்கதவுல மட்டும் கை வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மாமனாரின் அப்பா வைத்த தேக்குக் கதவு. கூடத்தில் பழைய சிவப்புத் தரைமேலேயே மொசைக் போட்டு, காயும்வரை கதவைச் சாத்தி வைத்திருந்தோம். இன்று திறந்தால், உயர்ந்துவிட்ட தரையில் இடித்துக்கொண்டு அசையவில்லை. என் வீட்டுக்காரர் ஷிப்டுக்குக்கூடப் போகாமல் ரம்பத்தை எடுத்துவிட்டார். கதவின் அடியில் இரண்டு விரல் அளவு அறுத்தால் போதுமாம். நான் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். கடைசியில் கொத்தனார், கதவு திரும்பும் இடத்தில் மட்டும் மொசைக்கைக் கொத்தி எடுத்தார். விசிறி மாதிரி பழைய சிவப்பு தெரிந்தது.

சாயங்காலம் மாமியார் வந்து கதவைத் திறந்தார்.

"இங்க மட்டும் இன்னா செவப்பா கீது?"

"அழகுக்கு வுட்டேம்மா" என்றார் இவர்.

"நல்லாத்தான் கீது."

அவர் திரும்புவதற்குள் ரம்பத்தைக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினேன்.