பெயரில்லாத கிணறுகள்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

இறால் பண்ணை வந்த பிறகுதான் தன் கிணறு உப்பானது என்று வழக்குப் போட்டிருக்கும் என் கட்சிக்காரர் செல்வமேரியைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு அழைத்துப் போனேன். நாளை விசாரணை. பண்ணை வருமுன் கோடியக்கரைப் பக்கத்துக் கிணறுகளைச் சோதித்த ஆய்வாளரின் அளவுகள் அங்கே இருக்கின்றன.

நூலகர் கணினியில் திறந்து காட்டினார். அளவுகள் பத்திரமாக இருந்தன. பெயருக்குப் பதில் கிணறுகளுக்கு எண்தான் இருந்தது.

“யாருக்கும் தொந்தரவு வரக்கூடாதுன்னு பேர எடுத்துட்டுத்தான் ஆய்வு பண்றவங்க குடுப்பாங்கம்மா. எந்த நம்பர் யாரு கிணறுங்கறதத் தனியா வாங்கிப் பூட்டி வெச்சிருக்கணும். நாங்க கேக்கல. அந்த ஆய்வாளரும் போன வருஷம் தவறிட்டாரு.”

“என் கிணத்துத் தண்ணிய ஊரே குடிச்சுச்சு. இந்தப் பொட்டிக்குத்தான் அடையாளம் தெரியலயாக்கும்” என்றார் செல்வமேரி.

நல்ல தண்ணீர் என்று பதிவான கிணறுகள் பல இருந்தன. அவருடையது எது என்று சொல்ல ஆளில்லை.

திரும்பும் பேருந்தில் ஏறினோம். நான் சமாதானம் சொல்லத் தொடங்கினேன். அவர் குறுக்கிட்டார்.

“அந்த சார் தண்ணி மொண்டப்ப நான்தாங்க சொன்னேன், எங்கயும் என் பேர எழுதிராதீங்க, வம்பு வரும்னு. பாவம், சொன்னபடியே செஞ்சிருக்காரு.”