புல்லுக்குப் போட்ட குழாய்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், என் இடது முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை, அதை நீ விசாரிக்கவும் வேண்டாம். அங்கே நீ, மாப்பிள்ளை, என் பேத்தி மூவரும் நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்கிறேன். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை அம்மாடி. நான் வாயைத் திறந்தாலே, "அப்பா, வம்பு வேணாம்ப்பா, கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க" என்று முடித்துவிடுகிறாய். காகிதம் குறுக்கே பேசாது. ஆபீசில் கொடுக்கச் சொல்லி என் பெயரில் நீ டைப் அடித்து அனுப்பிய மன்னிப்புக் கடிதம் வந்தது. நல்ல நடை, படிக்க வைத்தது வீண் போகவில்லை. ஆனால் அதில் நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று முழுசாகக் கேள், பிறகு திட்டு.

நான் குழாய் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் ஓக் மரம் உனக்குத் தெரியும். நீ பிறந்த அன்று உன் அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு அதன் அடியில்தான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தேன். உள்ளே ஆள் படுத்திருக்க வெளியே காத்திருப்பவர்களுக்கு இன்றைக்கும் அந்த மரத்தடி பெஞ்சுதான் வீடு. இரண்டு வருடத்துக்கு முன்னால் புது நிர்வாகி வந்தார். லைட்டுக்கு டைமர், ஃபேனுக்கு டைமர், விட்டால் எங்கள் தும்மலுக்கும் ஒன்று வைப்பார், அதனால் நாங்கள் வைத்த பெயரும் டைமர்தான். அவருக்கு மரத்தடியில் கிடந்த சருகு பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் கூட்டி அள்ளச் சொல்லிவிட்டு, மரத்தைச் சுற்றி வட்டமாக இருபத்துநான்கு தூர் அலங்காரப் புல் வைக்கச் சொன்னார், இடுப்புயரம் வளர்ந்து நுனியில் பஞ்சுபோலப் பூக்குமே, அந்தப் புல். அதற்குக் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் சொட்டுநீர். குழாய் போட்டது யார் என்று நினைக்கிறாய், நான்தான். ஒரு இணைப்பில்கூடக் கசிவு கிடையாது. அந்தப் பெருமையில் இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

தோட்ட வேலை பார்க்கிறவர் அப்போதே சொன்னார். என்னைவிடச் சின்னவர்தான், ஆனால் எல்லோருக்கும் அவர் அக்கா. "அண்ணே, இது ரெண்டும் ஒரே குழாயில குடிக்காதுண்ணே" என்றார். நீ செடியைப் பார், குழாயை என்னிடம் விடு என்று சிரித்துவிட்டேன். அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. பிறகு அவரிடமே போய் உட்கார்ந்து பாடம் கேட்டேன், உனக்கும் சொல்கிறேன். அந்தப் புல்லுக்கு நாள் முழுக்கத் தலையில் வெயில் அடிக்க வேண்டும். புதிதாக நட்டால் வேர் பிடிக்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தண்ணீர் வேண்டும். குளிர் முடிகிற சமயம் வருடா வருடம் ஒரு சாண் விட்டு ஒட்ட வெட்ட வேண்டும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை மண்வெட்டியால் பிளந்து வேறு வேறாக நட வேண்டும், இல்லாவிட்டால் தூரின் நடுவில் சொட்டை விழுந்துவிடும். ஆள் கைபடக் கைபட அதற்குக் கொண்டாட்டம். ஓக் அப்படியே தலைகீழ். வளர்ந்த மரம் தண்ணீர் குடிப்பது அடிமரத்தில் இல்லை, கிளை முடிகிற இடத்துக்கும் அப்பால் ஓடுகிற வேரில். அடிமரம் தினமும் நனைந்தால் கால் அழுகிவிடும். ரொம்ப நாள் மழை இல்லையென்றால் மாதத்துக்கு ஒருமுறை அந்த ஓரத்தில் ஆழமாக ஊறவிட்டால் போதும். அதன் சருகு அதன் காலடியிலேயே கிடந்து மக்க வேண்டும், அதுதான் சாப்பாடு. யாரும் தோண்டக் கூடாது. "சும்மா விடுறதுதாண்ணே அதுக்கு நாம செய்யிற வேலை" என்றார்.

இதெல்லாம் நான் கேட்டுக்கொண்டபோது இரண்டு வருடம் ஓடியிருந்தது. வெயில் கிடைக்காமல் புல் எண்ணெய் காணாத தலைமுடி மாதிரி சரிந்து கிடந்தது. மரத்தில் உச்சிக் கிளை வெளுத்து, அடியில் காளான் பூத்து, பட்டையில் கறுப்பாக என்னவோ வடிந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி உள்ளே போனது. டைமரிடம் மூன்று முறை போய்ச் சொன்னேன். "ரெண்டும் செடிதானே, தண்ணி குடிச்சா நல்லதுதானேப்பா" என்றார். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஒரு விடுமுறை நாளில் நானும் அக்காவுமாகப் புல்லைப் பெயர்த்து, பிளந்து, கார் நிறுத்துகிற வெயில் ஓரத்தில் வரிசையாக நட்டோம். குழாயையும் அதன் டைமர் பெட்டியையும் அங்கேயே மாட்டிக் கொடுத்தேன். எனக்குப் புல்லோடு சண்டை இல்லை. இப்போது போய்ப் பார், தளதளவென்று நிற்கிறது, காரிலிருந்து இறங்குகிறவர்கள் தடவிவிட்டுத்தான் போகிறார்கள்.

அதற்குத்தான் மெமோ. அனுமதியில்லாமல் செய்ததற்கு மன்னிப்பு எழுதித் தந்து, புல்லையும் குழாயையும் பழைய இடத்திலேயே வைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் இரண்டு வாரம் சஸ்பெண்ட், பிறகு ஓய்வு பெறும்வரை மிச்சமுள்ள இரண்டு வருடமும் பாதாள பம்பு அறையில் வேலை. ஒரு மரத்துக்காகவா இவ்வளவும் என்று நீ கேட்டாய். ஆமாம், ஒரு மரத்துக்காகத்தான். நான் மரத்தைக் கொஞ்சுகிறவன் இல்லை, வீட்டுத் தொட்டியில் உன் அம்மா வைத்ததையெல்லாம் வாட விட்டவன். ஆனால் அது என் குழாய். என் குழாய் ஒன்றைக் கொல்கிறது என்று தெரிந்த பிறகு வால்வைத் திறக்க எனக்குக் கை வராது, யார் சொன்னாலும் வராது, நீ சொன்னாலும்.

ஆகவே நானே ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி இன்று காலை கொடுத்தேன். "ஐயா, இரண்டு வருடத்துக்கு முன், விஷயம் தெரிந்தவர் எச்சரித்தும் கேளாமல், ஓக் மரத்தின் அடியில் குழாய் போட்டது என் தவறு. அதற்கு மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்கிறேன். அதை எடுத்ததற்குக் கேட்க மாட்டேன். மறுபடி போடவும் மாட்டேன்." இவ்வளவுதான். டைமர் இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, "இதுக்குப் பேரு மன்னிப்பா?" என்றார். "ஆமா சார், மனசார" என்றேன். நாளையிலிருந்து இரண்டு வாரம் வாசல்படி மிதிக்காதே என்று சொல்லப் போனவர், என்ன நினைத்தாரோ, வேலைக்கு வராதே என்று மாற்றிச் சொன்னார். குழாயைப் போடச் சொல்லி இன்னொரு பிளம்பரைக் கூப்பிட்டிருக்கிறார், அவனுக்கு உடனே இடுப்பு பிடித்துக்கொண்டதாம். வெளியாளைக் கூட்டி வந்தாலும் வருவார்.

மறக்காமல் இரண்டு விஷயம். உன் சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்றாயே, டேப்பைச் சுற்றி ஏமாற்றாதே, வாஷரை மாற்று. அப்புறம், தினமும் மூன்று நிமிடம் கூப்பிட்டு மாத்திரை போட்டீங்களா, சாப்பிட்டீங்களா என்று கேட்பதை விட்டுவிடு. பத்து நாளைக்கு ஒருமுறை கூப்பிடு, ஆனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசு. நாலிலிருந்து ஆறு வரை மட்டும் கூப்பிடாதே, அது ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். யாராவது குழாயோடு வருகிறார்களா என்று காலையில் அக்கா பார்த்துக்கொள்வார், சாயங்காலம் நானும் உன் அம்மாவும் பிளாஸ்க்கோடு போய் அந்த பெஞ்சில் உட்காரப் போகிறோம். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று வாட்ச்மேன் கேட்டால் மரத்தைக் காட்டுவோம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
இன்னமும் பிளம்பராகவே இருக்கும்
உன் அப்பா