பந்தியில் எனக்கு ஒரு இலை

என் அன்பு எஸ்தர்,

நீ இல்லாத வீட்டிலிருந்து உனக்கு எழுதுகிறேன். கடிதம் என்றால் சுகம் விசாரித்துத் தொடங்குவதுதான் என் வழக்கம். உனக்கு இனி சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. விசாரிக்கப்பட வேண்டியவன் நான்தான். அதனால் என் சமாசாரத்தையே சொல்லிவிடுகிறேன். நான் பேசத் தொடங்கினால் அடுப்பைப் பார்க்கிறேன் என்று பாதியில் எழுந்து போவாயே, அந்தச் சாக்கு இப்போது செல்லாது.

நீ போனதற்கு அடுத்த மழைக்காலத்தில் எனக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் பல் விளக்கப் போனவன் கிணற்றடியில் விழுந்துவிட்டேன். பக்கத்து வீட்டார் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கண் விழித்ததும் எஸ்தர் எங்கே என்று கேட்டேனாம். நம் மகள் ராணி அதைச் சொல்லிச் சொல்லி அழுகிறாள். எனக்கு ஒன்றும் நினைவில்லை.

பேச்சு திரும்பிவிட்டது. காலும் மெல்லத் திரும்பியது, கம்பு ஊன்றி நடக்கிறேன். வலது கைதான் வரவில்லை. தோளிலிருந்து தொங்கிக்கொண்டு, யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி என்னோடு வந்துகொண்டிருந்தது.

இடது கையால் சாப்பிடப் பழகினேன். கதவைச் சாத்திக்கொண்டுதான். சாயர்புரத்திலிருந்து ராணியும் மாப்பிள்ளையும், “எங்க கூடவே வந்து இருங்கப்பா” என்று எத்தனையோ தடவை கூப்பிட்டார்கள். போவேன். சாப்பாட்டு நேரம் நெருங்கினால் எனக்கு எங்கிருந்தோ ஓர் அவசர வேலை வந்துவிடும். சம்பந்தி வீட்டார் எதிரில் பீச்சாங்கையால் சோறு அள்ளவா? அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் தூத்துக்குடிக்கு வந்துவிடுவேன். உன்னை நினைத்துத்தான் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அதுவும் பொய்யில்லை.

அப்புறம் நம் கோயில் பண்டிகை வந்தது, அதன் முடிவில் அசனம். தெரு முழுக்க வரிசையாகத் தரையில் உட்கார்ந்து ஒரே சோற்றை, ஒரே கறிக்குழம்பை உண்ணும் அந்த நாளைப் பற்றி உனக்குச் சொல்லவா வேண்டும்? முந்தின நாளே கத்தரிக்காய் நறுக்கப் போய் விரலெல்லாம் கறுத்து வருகிறவள் நீ. பந்தி முடிந்ததும், வர முடியாதவர்களுக்கு என்று எடுத்து வைக்கிற பங்கில் ஒரு தூக்குவாளியை வாங்கிக்கொண்டு பின்தெருவுக்குப் போவாய். எழுந்து நடமாட முடியாமல் படுக்கையோடு இருக்கிற ரெபேக்கா டீச்சருக்காக. போனால் பொழுது சாய்ந்துதான் வருவாய்.

“ஏளா, ஒரு வாளியக் குடுத்துட்டு வர இம்புட்டு நேரமா?” என்பேன்.

“சும்மா பேசிக்கிட்டு இருந்தேன் அத்தான்” என்பாய்.

அந்த வருஷம் நான் அசனத்துக்குப் போகவில்லை. மத்தியானம் கோயிலில் மணியடிக்கிற மோசஸ் நம் வாசலில் வந்து நின்றான். அவன் கையில் ஒரு தூக்குவாளி. “அண்ணாச்சி, உங்க பங்கு. நடையில வச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்கு ஓடினான். படுக்கையில் கிடக்கிறவர்களுக்குப் போகிற வாளி, எஸ்தர்! நான் படுத்துக்கூட இல்லை. ஜன்னல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கதவைச் சாத்திவிட்டு அதைத் தின்றேன். நீ போன அன்று வீடு நிறைய ஆட்கள், அழக் கூச்சமாக இருந்தது. இந்த வாளி வந்த அன்றைக்குத்தான் அழுதேன்.

மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். கைகாலுக்குப் பயிற்சி கொடுக்கிற பிலோமினா மிஸ்ஸை உனக்குத் தெரியாது. பிசியோதெரபி என்று வெளியூரில் போய்ப் படித்துவிட்டு வந்த பெண். வீடு கடற்கரைப் பக்கம். அண்ணன்மார் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போகிறவர்கள்.

“கையச் சரி பண்ணிக் குடுங்க மிஸ்” என்றேன்.

“சரி பண்ணி என்ன செய்யப் போறிய அண்ணாச்சி?”

இது என்ன கேள்வி? “எல்லாம் செய்யணும்.”

“எல்லாம்னா எனக்கு எங்க தொடங்கன்னு தெரியாது. ஒண்ணச் சொல்லுங்க. எதச் செய்ய முடியலன்னு ராத்திரி தூக்கம் வர மாட்டேங்கு?”

என்னிடம் இப்படி யாரும் கேட்டதே இல்லை. கப்பல் என்றைக்கு வரும், என்றைக்குச் சரக்கு இறங்கும் என்று நான் வேலை பார்த்த துறைமுக ஆபீஸ் சொல்லும். மற்றதையெல்லாம் நீ சொல்வாய். எனக்கு என்ன வேண்டும் என்று நானாக யோசிக்கிற அவசியமே வந்ததில்லை. பிறகு, அசனப் பந்தியில் உட்கார்ந்து வலது கையால் சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. “தரையிலயா?” என்றாள்.

“தரையிலதான்.”

“அப்ப எந்திரிக்கவும் செய்யணும்லா. இது கை வேல மட்டும் இல்ல. வாங்க, டாக்டர்ட்டப் போவோம்.”

மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். டாக்டர் பெரிய படிப்புப் படித்தவர், பதமாகத்தான் சொன்னார். “வயசானவங்களுக்கு பெஞ்சு போடுவாங்கல்லா? அங்கன உக்காந்து ஸ்பூனால சாப்பிடலாமே. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க.”

“நான் நினைப்பேன் டாக்டர்” என்றேன்.

அவர் பிலோமினாவைப் பார்த்தார். அவள், “அண்ணாச்சிக்கு வேண்டியது அதுதான் டாக்டர். அதுக்கு என்ன செய்யலாம்னு பாப்போம்” என்றாள். டாக்டரும் ஒத்துக்கொண்டார். ஆனால் பெருவிரல் முழுசாகத் திரும்பாமலே போகலாம், அதை மறைக்க விரும்பவில்லை என்றும் சொன்னார். அந்த மனுஷர் மேல் எனக்கு மரியாதை வந்ததே அப்போதுதான். உட்கார்ந்து எழும் பழக்கம் முதலில், தோளும் முழங்கையும் அடுத்து, விரல் கடைசியில் என்று பேசி முடித்தோம். அடுத்த அசனம்தான் கெடு.

அந்த வருஷம் முழுக்க எனக்கு ஆஸ்பத்திரிதான் ஆபீஸ். ஈர மணலைப் பிடித்துப் பிடித்து விட்டேன். பிலோமினா வீட்டிலிருந்து கொண்டுவந்த சின்னச் சிப்பிகளை ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாற்றினேன். கோதுமை மாவு பிசைந்தேன். நீ இருந்தபோது ஒருநாளாவது உனக்குப் பிசைந்து கொடுத்திருப்பேனா என்று கேட்காதே.

கடைசியாகச் சோறு. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கை வாய்வரைக்கும் போகிறது, விரலில் சோறும் இருக்கிறது, உள்ளே தள்ள ஆள் இல்லை. அது பெருவிரலின் வேலை என்று நாம் என்றைக்காவது யோசித்திருக்கிறோமா? டாக்டர் சொன்னபடியே அது வரவில்லை. ஒருநாள் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டேன். பிலோமினா துடைப்பத்தை எடுத்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நானே கூட்டினேன்.

கூட்டி முடித்ததும், “அந்த விரல நம்பி இருந்தது என் தப்பு” என்றாள். “உருண்டையாப் பிடிங்க. உள்ளங்கையில வச்சு, தலைய லேசா பின்னால சாய்ங்க. எப்படிச் சாப்பிட்டா என்ன, வலது கைதான?”

முதல் உருண்டை வாய்க்குள் போன அன்று வேகமாக வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்து, “ஏளா!” என்று கூப்பிட்டும் விட்டேன். பிறகு அப்படியே நின்றேன். எந்த நல்ல சேதியானாலும் முதலில் உன்னிடம் சொல்லித்தானே பழக்கம்? யாரிடம் சொல்வது? ஆபீஸிலும் என் நாற்காலியில் வேறொருவன். சரக்கெல்லாம் புதுத் துறைமுகத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது, பழைய ஆட்களும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். உனக்கு இருட்டில் இருக்கப் பிடிக்காதே என்று விளக்கைப் போட்டேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

போன வாரம் அசனம். கம்பைச் சுவரில் சாத்திவிட்டு, ஆண்கள் வரிசையில் தரையில் உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு இலை விழுந்தது. சோறு வந்தது, கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போட்ட அதே ஆட்டுக்கறிக் குழம்பு வந்தது. ஜெபம் முடிந்ததும் உருண்டை பிடித்தேன். பாதி மடியில் விழுந்தது. மீதி வாய்க்குள் போனது. நான் பயந்த மாதிரி யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் இலை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பெண்கள் வரிசையைப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று காலையிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நானாகவே எழுந்தேன். அந்தப் பக்கம் மோசஸ் தூக்குவாளிகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான்.

“ரெபேக்கா டீச்சர் வாளி எதுலே? நான் கொண்டு போறேன்” என்றேன்.

“உங்களால முடியுமா அண்ணாச்சி?”

“குடுலே.”

வாளியை வலது முழங்கை மடிப்பில் மாட்டிக்கொண்டு, கம்பை இடது கையில் பிடித்துக்கொண்டு போனேன். டீச்சர் கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தார்கள். யாரு என்றார்கள். எஸ்தர் வீட்டுக்காரன் என்றேன். வாளியை ஸ்டூலில் வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தேன்.

“உக்காருங்களேன்” என்றார்கள். “இது இப்படியே இருக்கும். தம்பி மவ சாயங்காலம் வந்துதான் ஊட்டுவா, அதுக்குள்ள ஆறிப் போயிரும். எஸ்தர்னா உக்காந்து ஊட்டிட்டுத்தான் போவா.”

எனக்குப் புரியவில்லை. டீச்சர் போர்வையை விலக்கினார்கள். இரண்டு கை விரல்களும் முடக்குவாதத்தில் சுருண்டு கிடந்தன. அந்தக் கைகளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“யார்ட்டயும் சொல்லப்படாதுன்னு நான்தான் அவள்ட்ட சத்தியம் வாங்கினேன். ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் கையப் பிடிச்சு எழுதச் சொல்லிக் குடுத்தவ, ஊட்டிவிட்டுச் சாப்பிடுதான்னு பேசுவாங்கல்லா? புருஷன்ட்டகூடச் சொல்லலியா அவ? இனிமே எனக்கு என்ன வெக்கம். எல்லார்ட்டயும் சொல்லுங்க.”

அதனால்தான் இதை ஒளிக்காமல் எழுதுகிறேன், எல்லாருக்கும் வாசித்தும் காட்டுவேன். நான் கதவைச் சாத்திக்கொண்டு தின்ற சோற்றின் வெட்கம் என்னவென்று உனக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. எனக்கு அது வந்தபோது நீ பக்கத்தில் இல்லையே, எஸ்தர்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து உருண்டை பிடித்தேன். முதல் உருண்டை டீச்சரின் தோளில் விழுந்தது. அவர்கள் வாயைத் திறந்தபடியே காத்திருந்தார்கள். அடுத்தது போய்ச் சேர்ந்தது. நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, “எஸ்தர் இன்னும் கொஞ்சம் குழம்பு விடுவா” என்றார்கள்.

வாளி காலியாகும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். ஏன் இம்புட்டு நேரம் என்று கேட்க ஆள் இல்லை.

அடுத்து என்ன செய்யலாம் என்று பிலோமினா கேட்டிருக்கிறாள். இந்தத் தடவை எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ராணி வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து மத்தியானம் சாப்பிடுவேன். எனக்கு உயிர் இருக்கும்வரை டீச்சரின் அசனப் பங்கை நான்தான் கொண்டுபோவேன், நடையில் வைத்துவிட்டு வரமாட்டேன். ஒருநாள் நீ இருக்கிற இடத்துக்கு நானும் வருவேன். அப்போது, இத்தனை நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று நீ கட்டாயம் கேட்க வேண்டும். சும்மா பேசிக்கிட்டு இருந்தேன் என்று நான் சொல்வேன்.

உன்னைத் தவிர வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டிராத,
உன் அத்தான்
தங்கராஜ்