மேலே காட்டியவர்

மார்ச் 4
இன்றைக்கும் பேய் வேலை. ரைட்டர் அண்ணன் படுக்கை விரிப்பைத் தலையோடு போர்த்திக்கொண்டு அச்சுக்கூடத்தில் நின்றார். நான் படம் எடுத்தேன். எங்கள் பத்திரிகையில் வாரம் ஒரு பேய் கட்டாயம். “போன வாரப் பேய் செருப்புப் போட்டிருந்துச்சு. ஒரு வாசகர் போன் போட்டு மானத்தை வாங்கிட்டார்” என்று எடிட்டர் எரிந்து விழுந்தார். அதனால் அண்ணன் இன்று வெறுங்காலோடு.

மார்ச் 5
படத்தில் இரண்டு பேர்.

விரிப்புக்குப் பின்னால் ஒரு வயதானவர். காதில் பென்சில், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. அங்கே யாரும் நிற்கவில்லை. நான்தானே எடுத்தேன்?

எடிட்டர் பார்த்துவிட்டு, “இந்த ஆளை எடுத்துடும்மா. பேய் மாதிரியே இல்ல” என்றார்.

மார்ச் 7
வேறு வேறு பக்கம் நின்று எடுத்தேன். எல்லாவற்றிலும் வந்திருக்கிறார். கையைத் தூக்கி மேலே எதையோ காட்டுகிறார். முகத்தில் கோபம் இல்லை, அவசரம் — கிளம்பிவிட்ட பஸ்ஸின் பின்னால் “உங்க பை, உங்க பை” என்று கத்தி ஓடுகிறவரின் முகம். பயம் வரவில்லை. பெரிய மலை முன்னால் நிற்பதுபோல் இருந்தது.

மார்ச் 8
அச்சு மெஷின் ஓட்டுவது என் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்தவளே நான்தான். படங்களைக் காட்டினேன். “அக்கா, நீ செஞ்ச பேய்க்கு நீயே பயப்படுறியா?” என்று சிரித்தான்.

அந்த விரல் காட்டுவது அவன் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே. சிரிப்பு வரலை எனக்கு.

மார்ச் 9
ஏணி போட்டு ஏறினேன். கூரையைத் தாங்கும் இரும்பு உத்தரம் சுவரில் உட்காரும் இடத்தில் கை நுழையும் பிளவு. தொட்டதும் காரை உதிர்ந்தது.

எடிட்டரிடம் ஓடினேன். “மெஷினை நிறுத்துங்க சார்!”

“ஏன், பேய் சொல்லுச்சா?”

“ஆமா, பேய்தான் சொல்லுச்சு!” கத்தியே விட்டேன். பேயை விற்றுப் பிழைக்கிற ஆபீஸ். அத்தனை பேரும் என்னைப் பைத்தியம்போலப் பார்த்தார்கள். எடிட்டர் மட்டும் எழுந்து வந்து ஏணியில் ஏறினார். இறங்கியதும் சொன்னார்: “எல்லாரும் வெளியே போங்க.”

மார்ச் 10
விழுந்துவிட்டது. உத்தரம், கூரை, பாதிச் சுவர். எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். மெஷின் நசுங்கிக் கிடக்கிறது. தம்பி என் கையை விடவே இல்லை.

எழுத முடியலை. அவன் இருக்கான். அது போதும்.

மார்ச் 13
எடிட்டர் படங்களை மேசையில் பரப்பி வெகுநேரம் பார்த்தார். “யாருய்யா நீங்க?” என்று படத்திடம் கேட்டார். பதில் வந்துவிடுமோ என்று நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“போடலாமா சார்?”

“வேண்டாம்மா. நம்ம பேப்பர்ல வந்தா யாரு நம்புவா? இவரையும் பொய்யாக்கணுமா?”

ஏப்ரல் 2
வாடகைக் கூடம், பழைய மெஷின். அண்ணன் விரிப்போடு தயாராக நின்றார். “பேய் வேண்டாம்” என்றார் எடிட்டர்.

“பின்ன, பக்கத்தை எதை வச்சு ரொப்புறது?” என்றார் அண்ணன்.

“விரிசல் விட்ட சுவர், ஆடுற கூரை... ஊர்ல பஞ்சமா? போய் எடுத்துட்டு வாங்க.”

ஏப்ரல் 19
போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக் கூரையைப் போட்டிருந்தோம். இன்று அந்த வழியாக வந்தேன். உள்ளே கொத்தனார்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பிள்ளைகள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து தொண்டை கிழிய வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.